அண்டா பிரியாணியும் அரை இட்லியும்

வைகாசி 28

அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே. இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவர்கூட நம்பப்போவதில்லை என்று எங்கள் குலசாமி மீது ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். எழுதுகிறவன் ராக்கப்பன். ராக்கப்பன் மைக்செட் என்றால் அருப்புக்கோட்டையிலிருந்து இலங்கை வரைக்கும் பிரசித்தம். காற்று வாக்காக அடித்தால் என் ஒலிபெருக்கிக் குழாயில் போடுகிற பாட்டுக்கு அந்தக் கரையில் ஆடுவார்கள்.

எழுதச் சொன்னது மதுரை டாக்டரம்மா. ஒன்பது அடி உயரம். குரல் மட்டும் எறும்பு பேசுகிற மாதிரி. "கனகராசு தினமும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார்னு எழுதிட்டு வாங்க" என்றார். கனகராசு என்று அவர் சொன்னது என் அக்கா முத்திருளாயியின் ஒற்றைப் பிள்ளையை. பிறந்தபோது வைத்த பெயர் கனகவல்லி. கோயம்புத்தூருக்கு மில் வேலைக்குப் போன பிள்ளை, மீசை அரும்பி, பேரையும் கனகராசு என்று மாற்றிக்கொண்டு, போன மாதம் அப்பன் சாவுக்குத்தான் திரும்பி வந்தது. எங்களுக்கு அந்த இரண்டு பெயரும் வேண்டாம், கனகு போதும்.

கருமாதிக்கு மறுநாளிலிருந்து கனகு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. சோறு இல்லை, பேச்சு இல்லை. அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.

டாக்டரம்மா சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். "அவர் தன்னை ஆம்பளைன்னு சொல்றது நோய் இல்லைங்க. அதுக்கு மருந்து கிடையாது, தேவையும் கிடையாது. சாப்பிடாம தூங்காம, இருந்து என்ன செய்யப்போறேன்ங்கிறாரே, அதுதான் நோய். அதுக்கு மருந்து இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நான் குழப்பிக்கொள்ளவில்லை. என் மூளை அப்பேர்ப்பட்டது.

இன்றைய ஆகாரம்: ஒரு அண்டா பிரியாணி, தொட்டுக்கொள்ள நாலு கோழி. தூக்கம்: கும்பகர்ணன் வந்து டியூசன் படிக்கலாம்.

எங்கள் தெருநாய் செவலை இன்று இரண்டு தட்டுச் சோறு தின்றது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

வைகாசி 29

அக்கா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரைய எம்பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன். ஊரு ஏற்கெனவே வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்ல."

மாத்திரை உள்ளே போயாக வேண்டும். நான் கையில் மைக் இல்லாமலே ஆரம்பித்தேன். இது சாதாரண மாத்திரை இல்லை, ரஷ்யாவில் ஒரு மகாராணி பதினெட்டு வருடம் சிரிக்காமல் இருந்தபோது, தங்கத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாத்திரை, அதற்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பில் அரண்மனைத் தூண் விரிசல் விட்டது.

"கத விடாதடா. என்ன சரியாகும்னு சொன்னாக, அதச் சொல்லு."

"எல்லாம் சரியாயிரும்க்கா."

"எல்லாமா?"

"எல்லாம்னா எல்லாம். கோணக் கொம்பு மாட்டுக்குக் குடுத்தா கொம்பு நேராயிரும்."

அக்கா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "பழைய கனகவல்லி ஆயிருமா?"

"பழசுக்கும் பழசு" என்றேன்.

எழுந்து போய் அட்டையை சாமி படத்தின் முன்னால் வைத்து, மஞ்சள் தொட்டு வைத்து, ஒன்றைப் பிதுக்கிக் கனகுவின் வாயில் போட்டு, அது விழுங்குகிறவரை நின்றாள். மருந்து போயிற்று. வெற்றி.

ஆகாரம்: அண்டா பிரியாணி, இரண்டாம் நாள்.

வைகாசி 31

அக்கா வீட்டுப் பின்கட்டுக் கிணற்றுக்கு இரும்பு வலை அடித்தேன். கொசு. இந்த வருடம் கொசு அதிகம்.

வாளிக் கயிறும் இற்றுப்போயிருந்தது. அவிழ்த்து என் கடையில் கொண்டுவந்து வைத்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்குக் குழாயடிக்குப் போய்க்கொள்கிறாள்.

ஆனி 4

இன்று ஒலிபெருக்கிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கருமாதி ஞாபகம் வந்தது. ஒரு தாய்மாமன் அப்படி ஒரு சீர் செய்து இந்த ஜில்லா பார்த்ததில்லை. ஐம்பது தாம்பாளம் என்று எழுத ஆசைதான். ஐந்து.

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். அப்பன் செத்த பதினாறாம் நாள், தாய்மாமன் கோடித் துணி கொண்டுபோக வேண்டும். மகன் என்றால் வெள்ளைத் துண்டில் தலைக்கு உருமால் கட்ட வேண்டும். மகள் என்றால் தோளில் கோடிச் சேலை போர்த்த வேண்டும். உருமால் கட்டிக்கொண்டவன் அந்த வீட்டுக்கு ஆள். மச்சான் சின்னக்காளைக்கு, கனகுவின் அப்பனுக்கு, மகன் இல்லை என்று பங்காளிகள் கூடி முடிவெடுத்து, அவர் அண்ணன் மகனை மணையில் உட்கார வைத்தார்கள். நான் கட்டினேன். நன்றாகத்தான் கட்டினேன்.

கனகு சட்டை வேட்டியோடு பந்தலில் நின்றது. தலை குனிந்து, கட்டுவதற்கு வாகாகத்தான் நின்றது. பெரியவர் ஒருவர், "ராக்கு, பொம்பளப்பிள்ளைக்கு முறையச் செய்யப்பா, நேரமாகுது" என்றார். நானே என் கையால் சேலையைப் பிரித்துச் சட்டைக்கு மேலே போர்த்தினேன். உள்ளூர்த் தறிச் சேலை, அரக்குக் கரை. கடையிலேயே உசத்தி அதுதான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

துண்டு மட்டும் இரண்டு வாங்கியிருந்தேன். ஏன் இரண்டு வாங்கினேன் என்று கடைக்காரனும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்று ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் இருக்கிறது. தூசிக்கு ஆகும்.

ஆகாரம்: அண்டா.

ஆனி 9

செவலைக்குத் தொந்தி விழுந்துவிட்டது. மாநிலத்திலேயே கொழுத்த நாய். நடந்தால் தெரு ஆடுகிறது.

ஆனி 15

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் படித்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு மூடினார்.

"அண்டா பிரியாணி சாப்பிடறவர் ஏன் எடை குறைஞ்சிருக்கார்?"

"அண்டா சின்ன அண்டாங்கம்மா."

"மாமா." என்னை அப்படித்தான் கூப்பிட்டார், கனகு கூப்பிடுகிற மாதிரி. "நான் மருந்தோட அளவ இதப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். எனக்கு அண்டா வேண்டாம். இட்லி எத்தனைன்னு சொல்லுங்க. ஒண்ணுன்னா ஒண்ணு. அரைன்னா அரை."

வெளியில் பெஞ்சில் கனகு உட்கார்ந்திருந்தது. "என்ன மாமா, வாத்தியாரம்மா முட்டி போடச் சொல்லிட்டாகளா" என்றது. கருமாதிக்குப் பிறகு அது என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். நான் பஸ் ஸ்டாண்டு வரை வானத்தில் நடந்து போனேன். கீழே மதுரை சின்னதாகத் தெரிந்தது.

ஆகாரம்: இட்லி ஒன்று. தூக்கம்: கொஞ்சம்.

இப்படி எழுதினால் நோட்டு எவ்வளவு வெறுமையாக இருக்கிறது, பாருங்கள்.

ஆனி 22

இட்லி மூன்று. செவலைக்கு இன்று ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைத் துரோகி மாதிரிப் பார்க்கிறது.

கனகு கடைக்கு வந்தது. அறுந்துபோன ஒயரைப் பல்லால் உரித்து ஒட்டியது. சின்ன வயதில் இப்படித்தான், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அணில் மாதிரி கம்பத்தில் ஏறி, உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு, "மாமா, கட்டியாச்சு" என்று கத்தும். நானும் கீழே இருந்து "பலே மாப்ள" என்பேன். ஊரே சிரிக்கும். அதுவும் சிரிக்கும்.

ஆனி 30

இட்லி ஐந்து, மதியம் சோறு, மறுசோறு. இது புளுகு இல்லை.

கனகு தலைக்குக் குளித்து, அப்பனுடைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தோளில் வைத்து வண்டியில் ஏற்றியது. மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கியிருந்தது. விசிலும் அடித்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் வெங்காயம் இருந்தது, உரிக்கவில்லை.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது கனகு கேட்டது. "மாமா, முன்ன வாய்க்கு வாய் மாப்ள மாப்ளம்பீங்க. நெசமாவே மாப்ளையா வந்து நிக்கிறேன், இப்பச் சொல்ல மாட்டேங்குறீங்க."

"முன்னாடி லாரி வருது, ரோட்டப் பாரு" என்றேன்.

லாரி வரவில்லை. விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை எடையில்லாமல் வந்தது. இப்போது அதைத் தூக்க எனக்குத் தெம்பு போதவில்லை. குழாய் கட்டிய மாதிரித் தொண்டை எனக்கு, ஊருக்குக் கேட்டுவிடும் என்று அந்த வண்டிக்குள் பயந்தேன்.

ஆடி 3

அக்கா முகம் தெளிந்திருக்கிறது. "பிள்ளைக்கு மாத்திரைய நானே பாத்துக் குடுக்குறேன், நீ உன் சோலியப் பாரு" என்றாள். நல்லதாய்ப் போயிற்று. ஆடி மாதம், முளைப்பாரி, பொங்கல், ஊருக்கு ஊர் செட்டு போகிறது. ராவணனுக்கு இருந்த தலைகள் எனக்கு இருந்தாலும் போதாது.

அக்காவின் மூட்டுவலிக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி வரச் சொன்னாள். போன வாரம்தான் வாங்கிக் கொடுத்தேன். நொறுக்குத்தீனி மாதிரி தின்கிறாள் போல.

ஆடி 9

இட்லி இரண்டு. கனகு கடைக்கு வரவில்லை. உடம்பு அலுப்பாம்.

ஆடி 12

இட்லி ஒன்று. கேட்டால், "பசிக்கல மாமா." மாத்திரை போட்டாயா என்றேன். "அம்மா தினமும் குடுக்குறாகளே" என்றது. பிறகு மெதுவாக, "மாத்திரையும் கைவிட்டுருச்சு போல. அப்ப எங்கிட்டதான் கோளாறு" என்றது.

டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன். ஆடி பதினெட்டு கழியட்டும் என்று நானே சொன்னேன். அன்றைக்கு மூன்று ஊரில் செட்டு.

செவலைக்கு மறுபடி நல்ல காலம்.

ஆடி 16

சுவர். சுண்ணாம்பு.

ஆடி 18

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆடி 21

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா.

ஆடி பதினெட்டு அன்று மதியம் நான் ஒரு கோயில் மைக்கில் முளைப்பாரி ஊர்வலத்துக்கு வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் செவலை கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. குரைத்த குரைப்பில் அக்கா உலையை விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடியிருக்கிறாள். வலையில் ஒரு பக்கம் கம்பி அறுந்திருந்தது. என் கடையில் இருந்த கட்டிங் பிளேயர் கிணற்று மேட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் இறங்கிக் கனகுவைத் தூக்கினார்கள். கோடை வற்றலில் தண்ணீர் மார்பளவுதான். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது.

அவன் சோற்றைத் தின்ற நாய் அவனுக்காகக் குரைத்தது. இதை நான் மைக்கில் சொன்னால் யாராவது நம்புவார்களா.

எலும்பு டாக்டர் முடித்த பிறகு எங்கள் டாக்டரம்மா வந்தார். அக்காவை உட்கார வைத்து, அவளுக்கு முன்னால் தானும் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் ஒன்பது அடி இல்லை. சாதாரணமாக ஒரு பெண்.

"நல்லாத்தானேம்மா தேறி வந்தார். மாத்திரை விட்டுப் போச்சா?"

அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நாந்தான் நிப்பாட்டுனேன்."

"ஏம்மா?"

"அது வேல செய்யலைங்க. எல்லாம் சரியாயிரும், பழைய கனகவல்லி ஆயிரும்னு தம்பி சொன்னான். நானும் சாமி முன்னால வச்சு வச்சுக் குடுத்தேன். அது என்னடான்னா எந்திரிச்சு, திங்க ஆரம்பிச்சு, வேட்டியக் கட்டிக்கிட்டு, மீசைய ஒதுக்கிக்கிட்டு, முன்னயவிட ஆம்பளையாயிருச்சு. மாத்திரைதான் இப்படிப் பண்ணுதுன்னு பயந்துட்டேன். குப்பைத் தொட்டியில போட்டுட்டு எம்மூட்டு மாத்திரையக் குடுத்தேன். அது சோந்து படுத்ததும், சரி, பழையபடி பொம்பளையா அடங்குதுன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். மூன்று றெக்கை. ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதை யாராவது சரி செய்தால் நல்லது.

"அம்மா, அவர் சந்தோசமா இருந்தா அப்படித்தான் இருப்பார்" என்றார் டாக்டரம்மா. "நீங்க பாத்தது மருந்து வேல செஞ்சதத்தான்."



ஆடி 27

கனகுவைத் தனி வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். பகலில் அக்கா, மற்ற நேரம் நான்.

இன்று அக்கா வராந்தாவில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "வயித்துல இருக்கும்போது ஊரே ஆம்பளப்பிள்ள பெத்துக் குடுன்னுச்சு. உங்க மச்சான், மாமியா, எல்லாரும். நான் ஒருத்திதான்டா பொம்பளப்பிள்ள வேணும்னு வேண்டிக்கிட்டேன். கெடச்சிருச்சுன்னு இருந்தேன்."

நான் ஏதாவது கதை சொல்லுவேன் என்று பார்த்தாள். அவள் கையிலிருந்த டீயை வாங்கி நான் ஆற்றினேன்.

"இனிமே மாத்திரைய நேரத்துக்குக் குடுத்துருவேன்" என்றாள். "எதுவா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். மூச்சு இருந்தாப் போதும். ஆனா அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லாத. எனக்கு வராது."

உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. தாய் சன்னல் பக்கம். மாத்திரையைப் பார்க்காமலே நீட்டினாள். அது பார்க்காமலே வாங்கிக்கொண்டது.

ஆவணி 3

இன்று நடந்தது வரலாறு. பொறுமையாகக் கேளுங்கள்.

காலையில் மதுரை நகரமே திரண்டது. அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டம் இதற்கு முன்னால் பத்து பேர் நிற்கிற ரேஷன் கடை வரிசை. எழுபது கொட்டு, நாற்பது நாதசுரம், முன்னால் பட்டத்து யானை. யானை மேல் நான். என் கையில் வெள்ளித் தாம்பாளம், தாம்பாளத்தில் உருமால் துண்டு. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்கள் ஆரத்தி எடுத்தார்கள். யானை படியேறி வார்டுக்குள் வந்து முட்டி போட்டது. பங்காளிகள் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். நான் இறங்கி, என் மருமகன் கனகராசுவின் தலையில், சின்னக்காளை மகன் கனகராசு என்று எட்டு திசைக்கும் மைக்கில் சொல்லி, உருமால் கட்டினேன். அக்கா குலவை போட்டாள். குலவைச் சத்தத்தில் வைகையில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லாம் புளுகு.

யானை இல்லை. நான் டவுன் பஸ்ஸில் போனேன். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இருந்த துண்டைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலில் நர்ஸ் பையைச் சோதித்தார். சின்னப் பெண்.

"இந்தத் துணிய உள்ள விடமாட்டோம்ணே."

"துண்டுதாம்மா. தலையில கட்டுறதுக்கு. முறை ஒண்ணு பாக்கி இருக்கு."

"தெரியுதுண்ணே. ஆனா இந்தப் பேசன்டுக்கு நீளமான துணி, கயிறு, பெல்ட்டு எதுவும் தரக்கூடாது. வீட்டுக்குப் போனதும் கட்டுங்க."

அவர் சொன்னது சரி. திரும்பப் பைக்குள் வைத்தேன். பங்காளிகள் வரவில்லை. அக்கா அந்தப் பேரைச் சொல்லவில்லை. மைக் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று, குனிந்து, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காமல், "மாப்ள, ஒரு வாய் சாப்புடு" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமில்லாமல் நான் எதையும் சொன்னதில்லை. சொன்னேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அதையும் புளுகுக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உண்மை. டாக்டரம்மாவுக்காக எழுதுகிறேன், அவர் இதை நம்பலாம்.

என் மருமகன் அரை இட்லி சாப்பிட்டான்.